டீர்க்கின் வாயை நான் அடைத்த வருடம்

ஜனவரி 14, 2019

பிப்ரவரி ஒன்பதாம் தேதி ஊர்வலத்துக்கு முப்பத்திரண்டு பேர் வருகிறார்களாம். இழுவண்டி ஒன்று போதாது. போன வருடம் சரக்கு வைத்திருந்த வண்டியில் திரும்பும்போது ஒரு ஒளிப்பதிவாளர் படுத்திருந்தார்.

சினிமாவிலும் டிவியிலும் பிழைக்கிற பிரேமன்காரர்கள் பெர்லின், ஹாம்பர்க், கொலோன் என்று சிதறிக் கிடக்கிறோம். வருடம் முழுக்க ஒருவரை ஒருவர் திட்டிக்கொண்டு, பிப்ரவரியில் மட்டும் ஊருக்குப் போய், கழுத்தில் ஆளுக்கொரு சின்னச் சாராயக் கிளாஸைக் கட்டிக்கொண்டு, ஆற்றங்கரை மேல் எட்டு கிலோமீட்டர் நடந்து, கடைசியில் கோசுக்கீரையும் சாசேஜும் தின்கிறோம். தின்று முடித்ததும் யாராவது ஒருவருக்குக் கோசுக்கீரை ராஜா பட்டம். பட்டம் வாங்கியவர்தான் அடுத்த வருட ஏற்பாடு முழுவதையும் சுமக்க வேண்டும். போன வருடம் ஓட்டெடுப்பு நடந்தபோது நான் பாத்ரூமில் இருந்தேன். திரும்பி வரும்போது ராணி.

இதற்கு நடுவில் படம் வேறு. இயக்குநர் டோம்மா, சவுண்டு ஃபோக்கே, எடிட்டர் நான். மூன்று பேரும் ஒரே ஊர். கதையும் ஊரில்தான்: செத்துப்போன அப்பாவின் படகுப் பட்டறையை விற்க ஒருத்தி வருகிறாள், தினமும் ஃபெரியில் வேசர் ஆற்றைக் கடக்கிறாள். ஃபெரி ஓட்டும் ஹின்ரிக்காக நம்ம டீர்க். ஏழு தடவை அவளை அக்கரை சேர்க்கிறான், ஏழு தடவையும் எங்கள் ஊர்க் கொச்சையில், பல்லைத் திறக்காமல், ஓயாமல் பேசுகிறான். ஆறு வாரமாக அதைப் பார்த்து வயிறு வலிக்கச் சிரிக்கிறோம். படத்துக்கே அதுதான் உயிர் என்கிறாள் டோம்மா. நானும் அதையேதான் சொன்னேன்.

முப்பத்துநாலு வருட நடிப்பில் டீர்க் நாலு தடவை பிணம். பதினொரு தடவை, “எனக்கு ஒண்ணும் கேக்கலையே” என்று போலீஸிடம் சொல்லும் பக்கத்து வீட்டுக்காரன். பேர் வைத்த பாத்திரம் கிடைத்தது இப்போதுதான்.

ஜனவரி 16

நாளைக்கு சேனலிலிருந்து ஹேபர்லே அம்மாள் படம் பார்க்க வருகிறார். டோம்மா எடிட்டிங் அறையைப் பெருக்கினாள். அவள் கையில் துடைப்பத்தை நான் பார்த்ததே இல்லை.

ஜனவரி 17

ஹேபர்லே அம்மாள் தெற்கே ஸ்டுட்கார்ட்காரர். நல்ல மனுஷி, கையில் பென்சில், மடியில் நோட்டு. டீர்க் வரும்போதெல்லாம் நாங்கள் மூன்று பேரும் சிரித்தோம். அவர் ஒவ்வொரு தடவையும் திரும்பி எங்களைப் பார்த்தார்.

விளக்கைப் போட்டதும் முதல் கேள்வி: “அந்த ஃபெரிக்காரர் எந்த நாட்டுக்காரர்?”

“உள்ளூர்க்காரர்தாங்க” என்றாள் டோம்மா.

“அப்படியா! நான் டென்மார்க்னு நெனச்சேன். அவர் பேசினதுல ஒரு வார்த்தை புரியலைங்க எனக்கு. சப்டைட்டில் வரும் வரும்னு காத்துக்கிட்டே இருந்தேன்.”

“சவுண்டு சுத்தமா இருக்கே” என்று ஃபோக்கே முனகினான். சுத்தமாகத்தான் இருக்கிறது. ஒவ்வொரு எழுத்தும் சுத்தமாகப் புரியாமல் இருக்கிறது.

ஆறு வாரம், மூன்று பேர். நூறு தடவையாவது பார்த்திருப்போம். அறைக்குள் ஒரு வெளியூர்க் காது இல்லை. இது எப்படி எங்களுக்கு உறைக்கவே இல்லை?

இன்னொரு இடி: படம் தொண்ணூற்றெட்டு நிமிடம். புதன்கிழமை எட்டேகால் மணிப் படத்துக்கு சேனல் தருவது எண்பத்தெட்டரை. டீர்க்கின் ஏழு காட்சிகளையும் கூட்டினால் ஒன்பது நிமிடம் நாற்பது வினாடி. இந்தக் கூட்டலை ஹேபர்லே அம்மாள் போடவில்லை, நான்தான் போட்டேன். போட்டுவிட்டு ஸ்கிரீனை அணைத்தேன். டோம்மா மட்டும் பார்த்துவிட்டாள்.

ஜனவரி 18

டிசம்பரில் ஒரு நாள் மூன்று பேருமாக எங்கள் வீட்டில் இந்தக் காட்சிகளைக் கோர்பினியனுக்குப் போட்டுக் காட்டியிருந்தோம். அவன் என் வீட்டுக்காரன், தெற்கே பவேரியாக்காரன். அப்போது முகம் மலரப் புன்னகைத்துக்கொண்டே பார்த்தான். இன்று கேட்டேன், “உண்மையைச் சொல்லு. டீர்க் பேசினது புரிஞ்சுதா?”

“இல்ல.”

“அப்புறம் ஏன்டா சிரிச்சே?”

“நீங்கல்லாம் சிரிச்சீங்க. ஏதோ கலைன்னு நெனச்சேன்.”

ஏழு வருடக் கல்யாணம். இன்னும் எதற்கெல்லாம் இப்படிச் சிரித்தானோ.

சாயங்காலம் டீர்க்கே போன் செய்தான். நாற்பது நிமிடம். “என்ன ராணியம்மா, என் ஹின்ரிக் எப்படி இருக்கான்? நல்லா சாப்பிடறானா?” தெரு முழுக்கச் சொல்லியாகிவிட்டதாம். பேக்கரிக்காரிக்கு ஒளிபரப்புத் தேதி வேண்டுமாம், அன்றைக்குச் சீக்கிரம் கடையைச் சாத்துவாளாம். “நல்லா வந்திருக்கு” என்றேன். பொய் இல்லை. அதுதான் சிக்கல்.

ஜனவரி 24

டப்பிங்கில் சரிசெய்துவிடலாம் என்று டோம்மாவுக்கு யோசனை. டீர்க்கையே வரவழைத்துச் சுத்தமான ஜெர்மனில் மறுபடி பேச வைப்பது. காரணம் சொல்ல யாருக்கும் தைரியம் இல்லை. கடைசியில், “காத்துச் சத்தம் விழுந்துடுச்சு” என்றான் ஃபோக்கே. அவன் பொய் சொன்னால் காதுமடல் சிவந்துவிடும். போனில்தான், இருந்தாலும் குல்லாயை இழுத்துவிட்டுக்கொண்டு சொன்னான்.

டீர்க் ரயில் பிடித்து ஊர்க் கேக்கோடு வந்தான். “டிவிக்கேத்த மாதிரி நல்ல ஜெர்மன்ல பேசட்டுமா? செஞ்சிடலாம்!” என்று தொண்டையைச் செருமிக்கொண்டு மைக் முன்னால் நின்றான்.

ஒவ்வொரு சொல்லும் மணிமணியாகப் புரிந்தது. செய்தி வாசிப்பவர் வழிதவறி ஃபெரி ஓட்ட வந்த மாதிரி இருந்தது. அறையில் ஒருவரும் சிரிக்கவில்லை. டீர்க் மட்டும் எங்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்தான்.

போகும்போது கேட்டான், “சரியா வந்துதா?”

மூன்று பேரும் ஒரே நேரத்தில் “பிரமாதம்” என்றோம்.

ஜனவரி 25

“தூக்கிடு ஹில்கே. வேற வழியில்ல” என்று சொல்லிவிட்டு டோம்மா வெளியே போய் அழுதாள். நான் கேக்கின் மிச்சத்தைத் தின்றேன்.

ஹாம்பர்கில் எனக்கு அறை கிடைக்காத அந்த நாலு மாதம் என்னைத் தங்கள் சோபாவில் படுக்கவிட்டவர்கள் டீர்க்கும் அவன் பெண்டாட்டி ரென்ஸ்கேயும். அப்போது எனக்கு இருபத்தாறு. அவர்கள் வீட்டில் சோபாவும் கட்டிலும் தவிர வேறு ஒன்றும் கிடையாது.

ஜனவரி 29

டீர்க்கின் காட்சிகளைத் தூக்கும் வேலையைத்தான் ஆரம்பித்தேன். நடுவில் ஊரிலிருந்து ஹோட்டல்காரர் போன்: முப்பத்திரண்டு பேருக்கு எத்தனை சாசேஜ், உருளைக்கிழங்கு வறுக்கணுமா வேகவைக்கணுமா? படத்தின் சத்தத்தை நிறுத்திவிட்டுப் பேசினேன். ஸ்கிரீன் தன் பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது.

கிளாப் அடிப்பதற்கு முன்னால் உள்ள துண்டு. கேமரா ஓடுகிறது. டீர்க்குக்கு அது தெரியாது. ஃபெரியின் கம்பியைப் பிடித்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நிற்கிறான். கதாநாயகி ஏதோ சொல்கிறாள், திரும்பி அவளைப் பார்க்கிறான். அவ்வளவுதான்.

“ஹலோ? வறுக்கணுமா?” என்று ஹோட்டல்காரர் கத்தினார். எதையாவது செய்யுங்கள் என்று வைத்துவிட்டேன்.

அப்புறம் எல்லா டேக்குகளிலும் தேடினேன். கிளாப்புக்கு முன், ‘கட்’ சொன்னதற்குப் பின், விளக்கைச் சரிசெய்யும் நேரம், அவன் தன் முறைக்காகக் காத்திருக்கும் நேரம். அந்த முகத்தில் ஹின்ரிக் என்கிற ஒரு முழு மனுஷன் இருக்கிறான். பெண்டாட்டி செத்துப்போனவன், யாரிடமும் சொல்லாதவன், ஆனால் இந்தப் பெண்ணை மட்டும் பத்திரமாக அக்கரை சேர்த்துவிட வேண்டும் என்று நினைப்பவன். முப்பது வருடமாகத் தெரிந்த ஆளை இன்றுதான் பார்க்கிறேன். அழுகை வந்துவிட்டது, போ.

கதாநாயகி டிரெஸ்டன்காரி. டோம்மா அவளுக்குப் போன் போட்டு விசாரித்தாள். அவளுக்கும் டீர்க் பேசினது புரியவில்லையாம்! அவன் புருவத்தைத் தூக்கினால் தன் முறை என்று வைத்துக்கொண்டு நடித்தாளாம். அதனால்தான் அவனை அப்படி உற்றுப் பார்த்தபடி இருந்திருக்கிறாள்.

ஏழு காட்சியும் நிற்கிறது. இரண்டு நிமிடம் ஐம்பது வினாடி. அவன் பேசுவது ஒரே சொல்: “மொயின்.” வணக்கத்துக்கு எங்கள் பக்கம் சொல்வது, அது ஸ்டுட்கார்ட்டுக்கும் புரியும். மிச்ச நிமிடங்களை மற்றவர்களிடம் சுரண்டிக்கொண்டேன்.

ஜனவரி 31

ஹேபர்லே அம்மாள் பென்சிலைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார். “யார் இவர்? போன தடவை பார்த்த படத்துல இவர் இருந்தாரா?”

பிப்ரவரி 3

டீர்க்கிடம் யார் சொல்வது? டோம்மா: “நீதான் அவனோட ஃபிரெண்டு.” நான்: “நீதான் இயக்குநர்.” ஃபோக்கே குல்லாயைத் தேடினான். போனில் சொல்லக்கூடாது, நேரில்தான் சொல்ல வேண்டும் என்று முடிவு. நேரில் என்றால் கோசுக்கீரை ஊர்வலம். நேரில் என்றால் ராணி. எல்லாம் என் தலையில்.

பிப்ரவரி 10

நேற்றைக்கு நடந்ததை எழுதவே கை வரவில்லை. இருந்தாலும்.

ஊர்வலத்துக்கு ஒரே ஒரு சட்டம்: வேலையைப் பற்றிப் பேசக்கூடாது. பேசினால் அபராதம், ஒரு மடக்கு. சட்டத்தைக் காப்பாற்ற வேண்டியவள் ராணி. தலையில் கோசு இலைக் கிரீடத்தோடு நடந்தேன். எதிர்க்காற்று. முதல் இரண்டு கிலோமீட்டரில் டீர்க் மூன்று பேருக்கு மூன்று கதை சொல்லி முடித்துவிட்டான். தைரியத்துக்காக நானே எனக்கு இரண்டு தடவை ஊற்றிக்கொண்டேன். பாலம் தாண்டினதும் அவன் கையைப் பிடித்துப் பின்னால் இழுத்தேன்.

“டீர்க், படத்துல உன் பேச்சு இல்ல.”

“எந்தக் காட்சியில?”

“எந்தக் காட்சியிலயும்.”

சிரித்தான். ராணி கலாய்க்கிறாள் என்று நினைத்தான். என் முகத்தைப் பார்த்து நிறுத்தினான். “அப்போ காத்து?”

“காத்து இல்ல. அது பொய். நீ பேசறது வெளியூர்க்காரங்களுக்குப் புரியல. எங்க மூணு பேருக்கும் புரிஞ்சுது, அதனால எங்களுக்குத் தெரியவே இல்ல. தப்பு எங்க மேலதான்.”

“மொத்தமா தூக்கிட்டியா?”

“இல்ல இல்ல, நீ இருக்கே! உன் முகம் இருக்கு. கிளாப்புக்கு முன்னாடி, கட்டுக்கு அப்புறம்…” முட்டாள் மாதிரி ஷாட் ஷாட்டாக விளக்கினேன். முன்னால் போனவர்களில் யாருக்கோ காதில் விழுந்து, “ராணி ஷாட்டைப் பத்திப் பேசறா! அபராதம்!” என்று கத்தினார்கள். முப்பது பேரும் திரும்பி வந்து எங்களைச் சுற்றிக்கொண்டு, இரண்டு கிளாஸிலும் ஊற்றி, குடித்து முடிக்கும்வரை கைதட்டினார்கள். குடித்தோம். அவர்கள் பாடிக்கொண்டே போனார்கள்.

டீர்க் கிளாஸைத் துடைத்தான். மெதுவாகச் சொன்னான்: “அப்போ நான் நடிச்சதை எல்லாம் தூக்கிப் போட்டுட்டு, நடிக்காததை வச்சிக்கிட்டிருக்கே.”

ஆமாம். அதுதான் செய்திருக்கிறேன்.

அதற்குப் பிறகு அவன் பேசவில்லை. கோபித்துக்கொண்டு போயிருந்தாலாவது பரவாயில்லை. கூடவே நடந்து வந்து, மேசையில் உட்கார்ந்து, கோசுக்கீரையை இரண்டு தட்டு சாப்பிட்டான். ஒரு வார்த்தை இல்லை. முதலில் யாருக்கும் புரியவில்லை. அப்புறம் பல்வலியா என்றார்கள். “இந்த ஹோட்டல் கடிகாரம் டிக்டிக்குனு அடிக்கும்னே இன்னிக்குத்தான் தெரியுது” என்றது ஒரு குரல். எல்லோரும் சிரித்தார்கள். டோம்மா உருளைக்கிழங்கைக் குத்திக்கொண்டே இருந்தாள். ஃபோக்கேயை ராஜாவாக்கினார்கள். அவன் மறுக்கக்கூட இல்லை. தண்டனை என்று எடுத்துக்கொண்டான் போல.

பிப்ரவரி 22

டோம்மாவுக்கு டீர்க்கிடமிருந்து கடிதம். தபாலில், கையெழுத்தில். மூன்று வரி. படத்தின் பெயர்ப் பட்டியலில் தன் பேர் வரக்கூடாதாம்.

முப்பத்துநாலு வருடம் காத்திருந்து கிடைத்த பாத்திரம். அதிலிருந்து அவனே பேரை எடுக்கச் சொல்கிறான். என் வேலைதானே இது? படத்துக்காகச் செய்தேனா, அவனைக் காப்பாற்றச் செய்தேனா என்று என்னையே கேட்டுக்கொள்கிறேன். படத்துக்காகத்தான். அதுதான் உண்மை, அதுதான் கசக்கிறது. அவன் நண்பனாக இல்லாமல் இருந்தாலும் இதையேதான் செய்திருப்பேன். ஆனால் முதலிலேயே சொல்லியிருக்க வேண்டும். மைக் முன்னால் நிற்கவைத்துப் பொய் சொன்னது மகா கேவலம்.

மார்ச் 8

ரென்ஸ்கே போன் செய்தாள்.

“இவனுக்கு என்ன ஆச்சு ஹில்கே? வீட்லயும் பேச மாட்டேங்கறான்.”

நடந்ததைச் சொன்னேன்.

“முதல் ஒரு வாரம் நல்லாத்தான் இருந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன். ரெண்டு புஸ்தகம் படிச்சு முடிச்சேன்” என்றாள். அப்புறம் குரல் மாறிவிட்டது. “இப்ப பயமா இருக்கு.”

மார்ச் 23

மடிக்கணினியை எடுத்துக்கொண்டு பிரேமன் போனேன். நான் முன்வாசலில் மணி அடிக்க, டீர்க் பின்வாசல் வழியாகத் தோட்டத்துக்குப் போய்விட்டான். ஜன்னலில் தெரிந்தான். மார்ச் மாத ஈரமண்ணை என்னத்துக்கோ கொத்திக்கொண்டிருந்தான்.

ரென்ஸ்கே மட்டும் சமையலறையில் உட்கார்ந்து பார்த்தாள். ஏழு காட்சியையும் போட்டேன். மூக்கைச் சிந்தினாள்.

“காலையில காப்பி இறங்கறதுக்காக நிப்பான் பாரு, அந்த மூஞ்சி இது. இதைப் பாத்துத்தான் நான் இவனைக் கட்டிக்கிட்டேன். பேச்சைப் பாத்துன்னா நெனச்சே?”

“அதை அவன்கிட்ட சொல்லேன்.”

“முப்பத்தஞ்சு வருஷமா நான் வாயைத் திறக்க இடம் இருந்துச்சா?” என்றாள். பிறகு சிரித்தோம், இரண்டு பேரும். தோட்டத்திலிருந்து அவன் நிமிர்ந்து பார்த்தான். உள்ளே வரவில்லை.

ரயிலில் திரும்பும்போது எல்லாம் எரிச்சலாக இருந்தது. எதிர் சீட்டுக்காரர் போனில் பேசிக்கொண்டே வந்தார், ஒரு மணி நேரம். ஓயாமல் பேசுகிறவர்களை எனக்குப் பிடிக்காது. டீர்க்கை மட்டும் எப்படி இத்தனை வருடம் பிடித்தது?

ஏப்ரல் 30

இன்று பெயர்ப் பட்டியலை மூடியாக வேண்டும். நாலு மணிக்கு ஆள் காத்திருக்கிறார். ஹின்ரிக் என்பதற்கு எதிரே காலியாக விட்டிருந்தோம். மூன்றே முக்காலுக்கு டோம்மாவின் போனில் டீர்க்கின் குறுஞ்செய்தி: “பேர் இருக்கட்டும். ரென்ஸ்கே சொன்னா.”

என்ன சொன்னாள் என்று இல்லை. டோம்மா என்னைக் கட்டிப்பிடித்தாள். எனக்கு அவ்வளவு சந்தோஷம் வரவில்லை. செய்தி அவளுக்குத்தான் வந்தது, எனக்கு இல்லை.

ஜூலை 6

என் பிறந்தநாள். டீர்க் கூப்பிடவில்லை. முப்பது வருடத்தில் இது முதல் தடவை.

அக்டோபர் 16

எட்டேகால். கோர்பினியன் சிப்ஸ் வாங்கி வைத்திருந்தான். முதல் ஃபெரிக் காட்சியில் டீர்க் “மொயின்” என்றதும், “இது புரியுது!” என்று கத்தி என்னிடம் அடி வாங்கினான். ஐந்தாவது காட்சியில் சிப்ஸைக் கீழே வைத்துவிட்டான். நான் அவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன், படத்தை இல்லை. இந்தத் தடவை அவன் பார்த்துச் சிரிக்க யாரும் சிரித்துக்காட்டவில்லை. அவனாகவே மூச்சை அடக்கிக்கொண்டிருந்தான்.

முடிந்ததும் போன் ஓயவில்லை. ஊர்க்காரர்கள் எல்லோரும். பேக்கரிக்காரி கடையைச் சாத்திவிட்டுப் பார்த்தாளாம், ரென்ஸ்கே செய்தி அனுப்பியிருந்தாள். டீர்க்கைப் பற்றி அதில் ஒன்றும் இல்லை. ஒரு மணி நேரம் போனைப் பக்கத்திலேயே வைத்துக்கொண்டிருந்தேன். சரி, போகட்டும். கோபம் நியாயமானதுதான். எனக்கு அவன் வேண்டும் என்பது வேறு விஷயம்.

அக்டோபர் 17

காலையில் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது போன்.

வணக்கம் இல்லை, ஒன்றும் இல்லை. “மூணாவது ஃபெரிக் காட்சி” என்றான். “அவ அப்பாவைப் பத்திச் சொல்றா, நான் திரும்பிப் பாக்கறேன். நீ சட்டுனு தண்ணிக்கு வெட்டிட்டே. இன்னும் அரை வினாடி என் மேல இருந்திருக்கணும். அவன் அழப்போறான்டி, ஹில்கே. அது நீ வெட்டினப்புறம்தான் வருது.”

வாயில் பற்பசை. அவன் சொல்வது சரி. அரை வினாடி, பன்னிரண்டு ஃபிரேம். நான் பார்க்காமல் விட்டிருக்கிறேன்.

“நேத்தே கூப்பிடலாம்னுதான் பாத்தேன், முடியல” என்றான். “அந்த ஆளு யாருன்னே எனக்குத் தெரியல, அந்த ஃபெரியில நிக்கறானே, அவன்…” நிறுத்தி மூக்கை உறிஞ்சினான். பிறகு ஐந்தாவது காட்சிக்குப் போனான். அங்கே வெளிச்சம் சரியில்லையாம். அதிலிருந்து படப்பிடிப்பில் கொடுத்த சாப்பாட்டுக்கு. அதிலிருந்து 1994-இல் பிணமாக நடித்தபோது மூக்கில் உட்கார்ந்த ஈக்கு. பேக்கரிக்காரி கண்ணைத் துடைத்தபடி ரொட்டி கொடுத்தாளாம், அதற்குக் காசு வாங்கினாளாம், அது ஒரு தனிக் கதை.

வாய் கொப்பளித்துவிட்டு, போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு காப்பி போட்டேன். குடித்து முடித்தேன். கோர்பினியன் வேலைக்குக் கிளம்பும்போது யார் என்று சைகையில் கேட்டான். சொல்லாமலே புரிந்துகொண்டு, கதவைச் சத்தம் வராமல் சாத்திக்கொண்டு போனான். ஒன்பது மணிக்கு நான் எடிட்டிங் அறையில் இருந்திருக்க வேண்டும். சமையலறைத் தரையில் உட்கார்ந்து சுவரில் சாய்ந்துகொண்டேன்.

நடுவில் ஒரு இடத்தில் அவனுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

“ஏய், இருக்கியா? ரொம்ப பேசறேனா?”

“இருக்கேன்” என்றேன். “நீ பேசு.”